பிள்ளை உள்ளம் அறிந்த பெருமாட்டி

சிறு குழந்தை மணலில் வீடு கட்டுகின்றது. கட்டிய வீட்டைத் தானே காலால் கலைக்கின்றது. மீண்டும் கட்டத் தொடங்குகின்றது. பாவையை மடியிற் கிடத்தித் தாலாட்டுகின்றது. அதே பாவையைச் சற்று நேரத்தில் கடிந்து மூலையில் நிறுத்துகின்றது. இவற்றைக் காணும் பெரியோர், குழந்தை பொழுது போக்குகின்றது என்று கூறித் தம் பணியைக் கவனிக்கச் செல்வர். ஆனால், குழந்தைக்கு விளையாட்டே மொழியாகும். தன் அச்சத்தையும் ஏக்கத்தையும் சினத்தையும் சொற்களால் எடுத்துரைக்க அதற்குத் தெரியாது. நாவால் கூற இயலாததை அது கைகளால் ஆடிக் காட்டுகின்றது. அம்மொழியைப் பொறுமையுடன் கற்று, அதனைக் கொண்டே பிள்ளைகளின் உள்ளப் புண்ணை ஆற்ற முனைந்த சான்றோர் சிலர் சென்ற நூற்றாண்டில் தோன்றினர். அவருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அன்னா பிராய்டு அம்மையார்.

பிறப்பும் இளமையும்

ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் 1895ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள் அன்னா பிறந்தார். அவர் தந்தையார் சிக்மண்டு பிராய்டு. மனித மனத்தின் அடியாழத்தை ஆராய்ந்து உளப்பகுப்பாய்வு என்னும் துறையை நிறுவி உலகப் புகழ் பெற்றவர். தாயார் மார்த்தா. இவர்களுக்குப் பிறந்த மக்கள் அறுவருள் அன்னாவே இளையவர். மூத்தோர் ஐவருக்குப் பின் பிறந்த கடைக்குட்டியாதலின், உடன்பிறந்தாரின் ஆட்டத்திலும் பேச்சிலும் தமக்கு இடமில்லையே என்னும் ஏக்கம் அவருக்கு இளமையில் இருந்தது. ஒதுக்கப்பட்ட குழந்தையின் உள்ளம் எத்தகையது என்பதை அவர் நூல்களிற் படித்து அறியும் முன்னரே தம் வாழ்வில் அறிந்திருந்தார் எனலாம்.

பள்ளிக் கல்வி முடிந்தபின் அவர் ஆசிரியத் தொழிலை விரும்பி மேற்கொண்டார். தாம் பயின்ற பள்ளியிலேயே தொடக்க வகுப்புகளுக்கு ஆசிரியரானார். அக்காலத்தில் முதல் உலகப் போர் ஐரோப்பாவை வருத்திக்கொண்டிருந்தது. வியன்னா மக்கள் உணவுக்கும் விறகுக்கும் அலைந்தனர். பசித்த வயிற்றுடன் வகுப்பில் அமர்ந்த பிள்ளைகளை இளம் ஆசிரியர் நாள்தோறும் கண்டார். காச நோய் அவரையும் பற்றியது. உடல்நலம் குன்றியதால் 1920ஆம் ஆண்டில் ஆசிரியப் பணியை விட்டார். ஆயினும், ஆசிரியருக்குரிய கண்ணும் நெஞ்சும் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. தந்தையாரின் துறையைக் கற்று, 1922ஆம் ஆண்டில் வியன்னா உளப்பகுப்பாய்வுக் கழகத்தில் உறுப்பினரானார். மறு ஆண்டு தந்தையார் வாயிற் புற்றுநோய் கண்டு அறுவை மருத்துவத்திற்கு உட்பட்டார். அன்று முதல் பதினாறு ஆண்டுகள் அவருக்குச் செவிலியாகவும் செயலாளராகவும் நின்று பணி செய்தவர் இந்த இளைய மகளே ஆவார்.

குழந்தையின் நட்பைப் பெறுதல்

பெரியோர் மனநோயுற்றால் மருத்துவரிடம் தாமே வருவர். தம் துன்பத்தை வாய்விட்டுக் கூறுவர். குணமடைய வேண்டும் என்று விரும்புவர். குழந்தையோ தானாக வருவதில்லை. பிறர் அழைத்து வருகின்றனர். தனக்கு நோய் உண்டு என்பதையும் அது அறியாது. அத்தகைய குழந்தைக்கு உதவுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண முயன்றோர் அன்னாவுக்கு முன்னரும் இருந்தனர். வியன்னாவிலேயே ஹெர்மின் ஹூக்-ஹெல்முத் என்னும் அம்மையார் விளையாட்டின் வாயிலாகக் குழந்தை மனத்தை ஆராயத் தொடங்கியிருந்தார். அன்னா அவ்வழியில் மேலும் நடந்து, தாம் கண்டவற்றை 1927ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார்.

முதலில் குழந்தையின் நம்பிக்கையைப் பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அவரிடம் அழைத்து வரப்பெற்றான். அவன் மகிழ்ந்தால் அன்னாவும் மகிழ்ந்தார். அவன் வாடினால் அவரும் அமைதியானார். ஒரு நாள் அவன் மேசைக்கடியில் புகுந்துகொண்டான். அன்னா அவனை வெளியே இழுக்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அவன் இருந்த இடத்திலேயே அவனோடு உரையாடினார். மற்றொரு நாள் அவன் கயிற்றைக் கொணர்ந்து விந்தையான முடிச்சுகளைப் போட்டுக் காட்டினான். அவற்றினும் அரிய முடிச்சுகளை அவர் போட்டுக் காட்டினார். வேறொரு சிறுமி வந்தபோது அவள் பாவைகளுக்கும் கரடிப் பொம்மைகளுக்கும் அமர்ந்து ஆடை பின்னிக் கொடுத்தார். இவையெல்லாம் சிறு செயல்களே. ஆனால், தன் உலகிற்குள் வந்து தன்னை மதித்தவரிடமே குழந்தை தன் உள்ளக் கதவைத் திறக்கும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

இக்காலத்தில் மெலனி கிளைன் என்னும் அம்மையார் இலண்டனில் குழந்தைகளுக்குச் சிறு விளையாட்டுப் பொருள்களைக் கொடுத்து ஆராய்ந்து வந்தார். குழந்தையின் ஒவ்வோர் ஆட்டமும் மறைபொருள் உடையது என்பது அவர் கருத்து. அன்னா இதனை முற்றும் ஏற்கவில்லை. பொம்மை வண்டியைக் கவிழ்த்து ஆடும் குழந்தை, அன்று காலையில் தெருவில் வண்டி கவிழ்ந்ததைக் கண்டிருக்கலாம். ஆதலின், குழந்தையின் இல்லம், பெற்றோர், அன்றாட வாழ்வு ஆகியவற்றை அறியாமல் ஆட்டத்திற்குப் பொருள் கூறுவது தவறாகும் என்று அவர் வாதிட்டார். இருவர் கருத்தும் பல்லாண்டுகள் மோதின. அம்மோதலால் அத்துறை நலிவடையவில்லை; இரு சாராரும் தத்தம் கருத்தை மேலும் கூர்மையாக ஆராய்ந்தனர்.

வியன்னாவை விட்டு நீங்குதல்

1925ஆம் ஆண்டில் டாரதி பர்லிங்ஹாம் என்னும் அமெரிக்கப் பெண்மணி தம் நான்கு குழந்தைகளுடன் வியன்னாவுக்கு வந்தார். அவர் அன்னாவின் உயிர்த்தோழியும் பணித்துணையும் ஆனார். இருவரும் நண்பர் துணையுடன் ஒரு சிறு பள்ளியை நடத்தினர். பின்னாளில் உளநூல் அறிஞராகப் புகழ் பெற்ற எரிக் எரிக்சன் அங்கு ஆசிரியராய் இருந்தார். 1937ஆம் ஆண்டில் அன்னாவும் டாரதியும் நகரின் மிக ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்காக ஒரு பகற் காப்பகம் தொடங்கினர். எடித் ஜாக்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் அதற்குப் பொருளுதவி செய்தார். குழந்தைகள் தமக்கு வேண்டிய உணவைத் தாமே எடுத்து உண்ண அங்கு விடப்பட்டனர். அவர்கள் செயல்கள் அனைத்தும் நாள்தோறும் குறித்து வைக்கப்பட்டன.

அப்பணி நெடுநாள் நிலைக்கவில்லை. 1938ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவிற் புகுந்தன. யூதர் என்ற காரணத்தால் பிராய்டு குடும்பத்தார் பெருந்துன்பத்திற்கு உள்ளாயினர். காப்பகம் மூடப்பட்டது. மார்ச்சு 22ஆம் நாள் கெஸ்டாப்போ என்னும் கொடிய இரகசியப் போலீசார் அன்னாவை விசாரணைக்காக அழைத்துச் சென்றனர். அவர்களிடம் சென்றவர் மீள்வது அரிது என்பதை அனைவரும் அறிவர். முதிய தந்தையார் அன்று முழுவதும் அறைக்குள் நிலைகொள்ளாது நடந்துகொண்டிருந்தார். மாலையில் அன்னா உயிருடன் திரும்பினார். அந்த ஒரு நாளே, நாட்டை விட்டு வெளியேறத் தயங்கியிருந்த தந்தையாரின் உள்ளத்தை உறுதி செய்தது. நண்பர் பலரின் உதவியால் ஜூன் திங்கள் 4ஆம் நாள் அவர்கள் வியன்னாவை விட்டு நீங்கி, பாரிசு வழியாக இலண்டனை அடைந்தனர். மறு ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 23ஆம் நாள் தந்தையார் காலமானார். உடன் வர இயலாது வியன்னாவில் தங்கிய அன்னாவின் அத்தைமார் நால்வரும் பின்னர் நாட்சியரின் கொடுமுகாம்களில் மாண்டனர்.

போர்க்கால இல்லங்கள்

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பகைவரின் வானூர்தித் தாக்குதலுக்கு அஞ்சிப் பிரிட்டானிய நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பேர் சில நாள்களுக்குள் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். அடுத்த ஆண்டு இலண்டன் மீது குண்டுமாரி பொழியத் தொடங்கியது. வீடிழந்த மக்கள் நிலத்தடி இரயில் நிலையங்களில் இரவு துயின்றனர்.

இந்நிலையில், 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அன்னாவும் டாரதியும் ஹாம்ப்ஸ்டெட் என்னும் பகுதியில் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் அமைத்தனர். அமெரிக்க மக்கள் அனுப்பிய நன்கொடை அதற்கு உதவியது. விரைவில் கைக்குழந்தைகளுக்கென மற்றோர் இல்லமும், எசெக்சு மாவட்டத்தில் நாட்டுப்புற இல்லம் ஒன்றும் எழுந்தன. தம்மைப்போல் நாடிழந்து வந்த இளம்பெண்கள் பலரைப் பயிற்றி அவர் பணிப்பெண்களாக அமர்த்தினார்.

குண்டு வீச்சே குழந்தைகளை மிகுதியும் அச்சுறுத்தும் என்று எல்லாரும் எண்ணியிருந்தனர். அன்னா கண்டதோ வேறு. தாயின் அருகே இருந்த குழந்தை, தாய் கலங்காதிருந்தால், குண்டோசையையும் பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. தாயை விட்டுப் பிரிக்கப்பட்ட குழந்தையோ, பாதுகாப்பான இடத்தில் இருந்தும் வாடியது. பேசக் கற்றிருந்த குழந்தை பேச்சை மறந்தது. படுக்கையை நனைக்கும் பழக்கம் மீண்டது.

மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை அங்கே விட்டுச் சென்ற பெற்றோர், அழுதால் பார்க்க வரமாட்டோம் என்று அவனிடம் கூறிச் சென்றனர். சிறுவன் அழவில்லை. அன்னை வருவாள், மேற்சட்டை அணிவிப்பாள், வீட்டிற்கு அழைத்துச் செல்வாள் என்று ஓயாமற் சொல்லிக்கொண்டிருந்தான். இதனைச் சொல்லாதிருக்கலாகாதா என்று யாரோ கேட்டனர். நல்ல பிள்ளையாக நடக்க விரும்பிய அவன் சொல்லை நிறுத்தினான். ஆனால், சட்டை அணிவது போலக் கைகளை அசைத்துக்கொண்டும் உதடுகளை அசைத்துக்கொண்டும் மூலையில் நின்றான். பிற குழந்தைகள் ஆடிப்பாடியபோது அவன் அதிற் கலக்கவே இல்லை. பின்னர் அவன் தாய் சில நாள் அவ்வில்லத்திலேயே வந்து தங்க ஏற்பாடாயிற்று. அக்கணமே அந்த அசைவுகள் மறைந்தன. அவன் தாயை இறுகப் பற்றிக்கொண்டான். நாள்கள் செல்லச் செல்ல, தாய் சென்ற பின்னும் ஒரு பணிப்பெண்ணிடம் அன்பு கொள்ளும் ஆற்றல் அவனுக்கு உண்டாயிற்று. அழுகையை அடக்கிய குழந்தை துயரை வென்றதாகாது என்பதற்கு அவனே சான்றானான்.

மற்றொரு சிறுவனுக்கு வயது நான்கு. அவன் தந்தை வானூர்தித் தாக்குதலில் இறந்தார். அவ்வில்லத்துப் பிள்ளைகள் காகிதத்தால் வீடுகள் செய்து, கோலிக் குண்டுகளை எறிந்து தகர்த்து விளையாடுவதுண்டு. அவர்கள் சில நாள் ஆடிவிட்டு வேறு ஆட்டத்திற்குச் சென்றனர். இச்சிறுவன் மட்டும் மாதக்கணக்கில் அதனையே ஆடினான். அவன் ஆட்டத்தில் ஒரு வேறுபாடு இருந்தது. வீடு இடிந்தாலும் உள்ளிருந்தோர் அனைவரும் எப்போதும் பிழைத்துக்கொண்டனர். இடிந்த வீடும் உடனே சீராயிற்று. தந்தை இறந்தார் என்னும் உண்மையை ஏற்க மாட்டாத உள்ளம் அவ்வாறு நாள்தோறும் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அவ்வாட்டத்தை யாரும் தடுக்கவில்லை. ஏறத்தாழ அரையாண்டுக்குப்பின், தந்தை இறந்தார், இனித் திரும்பி வாரார் என்று அவனே முதன்முறையாக வாய் திறந்து கூறினான். அதன்பின் அவ்வாட்டம் அவனுக்குத் தேவைப்படவில்லை.

இவற்றைக் கண்ட அன்னா இல்லத்தின் நடைமுறைகளை மாற்றினார். தாய்மார் எந்த நேரமும் வந்து தம் மக்களைக் காணலாம் என்று விதித்தார். நான்கைந்து குழந்தைகளுக்கு ஒரு பணிப்பெண் தாய் போல அமைய, இல்லம் முழுவதையும் சிறு குடும்பங்களாகப் பிரித்தார். முதலிற் பொறாமையும் பூசலும் அழுகையும் மிகுந்தன. எனது தாய் என்று குழந்தைகள் போட்டியிட்டனர். சில வாரங்களில் அப்புயல் அடங்கியது. பேச்சும் நற்பழக்கங்களும் விரைந்து வளர்ந்தன. அன்பு செலுத்த ஒருவர் கிடைத்தவுடன் குழந்தைக்கு வளரும் விருப்பமும் பிறக்கின்றது என்று அவர் தெளிந்தார். இவ்வனுபவங்களை அன்னாவும் டாரதியும் 1942, 1944ஆம் ஆண்டுகளில் நூல்களாக எழுதினர்.

அவ்வில்லத்தில் அடுப்பு எரித்தும் பழுது பார்த்தும் பணியாற்றியவர் ஜேம்சு ராபர்ட்சன். அங்கு அவர் கண்டவை வீண்போகவில்லை. மருத்துவமனையில் தாயின்றித் தனித்திருக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் துயரைக் காட்டும் திரைப்படம் ஒன்றை அவர் 1952ஆம் ஆண்டில் எடுத்தார். பெற்றோர் தடையின்றிப் பிள்ளைகளைக் காண மருத்துவமனைகள் இடந்தர வேண்டும் என்று 1959ஆம் ஆண்டில் அங்கு அரசாங்கக் குழு பரிந்துரைப்பதற்கு அத்தகைய முயற்சிகள் துணை நின்றன.

ஆறு குழந்தைகள்

போர் முடிந்தது. 1945ஆம் ஆண்டில் தெரேசியன்ஸ்டாட்டு என்னும் நாட்சி முகாமிலிருந்து மீட்கப்பட்ட ஆறு குழந்தைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு வயது மூன்றளவில் இருக்கும். பெற்றோர் அனைவரும் கொல்லப்பட்டனர். அன்னா தம் அத்தை ஒருவரை இழந்ததும் அதே முகாமிற்றான். சசெக்சு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அமைந்த இல்லத்தில் அவர்கள் தங்கினர். சோபி டான், கெர்ட்ருட் டான் என்னும் சகோதரியர் அவர்களைப் பேணினர்.

வந்த சில நாள்களில் குழந்தைகள் விளையாட்டுப் பொருள்களையெல்லாம் உடைத்தனர். தட்டுமுட்டுப் பொருள்களைச் சேதப்படுத்தினர். பெரியோரை அடித்தனர், கடித்தனர். பெரியவர் என்றாலே அவர்களுக்கு வெறுப்பும் ஐயமுமே எழுந்தன. ஆனால், தம்முள் அவர்கள் காட்டிய அன்போ வியக்கத்தக்கது. ஒருவரை விட்டு ஒருவர் கணமும் பிரியார். தாம் உண்பதினும் மற்றவருக்கு உணவு கிடைத்ததா என்பதிலேயே கருத்தாயிருந்தனர். குளிர் மிகுந்த நாளொன்றில் ஒரு சிறுவன் தன் கையுறையை இழந்தான். மற்றொரு சிறுவன் தன் கையுறையைக் கழற்றி அவனுக்கு அளித்துவிட்டுத் தன் கை குளிர்வதைப்பற்றி ஒரு சொல்லும் கூறாது நடந்தான்.

அவர்களைத் தண்டித்துத் திருத்த யாரும் முயலவில்லை. அவர்களுக்குள் இருந்த அந்த அன்பையே பற்றுக்கோடாகக் கொண்டு பெரியோர் காத்திருந்தனர். மெல்ல மெல்லக் குழந்தைகள் தம்மைப் பேணுவோரையும் தம் குழுவிற் சேர்த்துக்கொண்டனர். பங்கீட்டில் அவர்களுக்கும் ஒரு பங்கு வைத்தனர். ஓராண்டிற்குள் புதிய மொழியையும் கற்றனர். தாய் தந்தையரை இழந்த மழலைகள் ஒருவருக்கொருவர் உறவாகி உள்ளம் சிதையாது தம்மைக் காத்துக்கொண்டனர் என்னும் இவ்வரலாற்றை அன்னா 1951ஆம் ஆண்டில் சோபி டானுடன் இணைந்து எழுதி வெளியிட்டார்.

மருத்துவ நிலையமும் இறுதி நாள்களும்

தம் அனுபவம் தம்மோடு மறையலாகாது என்று கருதிய அம்மையார், குழந்தை உள மருத்துவருக்கான பயிற்சியை 1947ஆம் ஆண்டில் தொடங்கினார். 1952ஆம் ஆண்டில் ஹாம்ப்ஸ்டெட் மருத்துவ நிலையத்தைத் திறந்தார். பல நாடுகளிலிருந்தும் மாணவர் வந்து பயின்றனர்.

விளையாட்டிலிருந்து உழைப்பு வளரும் முறையை அவர் படிப்படியாக விளக்கினார். கைக்குழந்தை முதலில் தன் உடலோடும் தாயின் உடலோடும் விளையாடுகின்றது. அடுத்து, மென்மையான ஒரு பொம்மையையோ துணியையோ தாய்க்கு ஈடாகப் பற்றிக்கொள்கின்றது. பின்னர் நிரப்பிக் கொட்டியும், திறந்து மூடியும், கட்டிக் கலைத்தும் மகிழ்கின்றது. நாளடைவில், செய்யும் செயலைவிடச் செய்து முடித்த பொருளே இன்பம் தருகின்றது. ஆட்டத்தில் தோற்றாலும் பொறுத்தல், இன்றைய களிப்பை நாளைய பயனுக்காக ஒத்திவைத்தல் ஆகிய பண்புகள் அவ்வழியே அமைகின்றன. எனவே, ஆடவிடாத குழந்தைக்கு உழைக்கும் ஆற்றலின் வேரே நலிகின்றது என்பது அவர் கொள்கையிலிருந்து பெறப்படும்.

பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாத அவருக்குப் பல பல்கலைக்கழகங்கள் சிறப்புப் பட்டம் வழங்கின. 1967ஆம் ஆண்டில் பிரிட்டானிய அரசு அவருக்கு விருதளித்தது. ஒருகால் அவரை நாடு கடக்கச் செய்த வியன்னா நகரின் பல்கலைக்கழகமும் 1972ஆம் ஆண்டில் மருத்துவச் சிறப்புப் பட்டம் அளித்தது. இத்தகைய புகழ் வந்தபோதும் அவர் எளிய ஆடை உடுத்தி, ஓய்வு நேரத்தில் தறியில் நெய்தும் பின்னியும் காலங்கழித்தார். 1982ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9ஆம் நாள், தமது 86ஆம் வயதில், இலண்டனில் இயற்கை எய்தினார். அவர் வாழ்ந்த வீடு 1986ஆம் ஆண்டு முதல் காட்சியகமாக விளங்குகின்றது. அவர் நிறுவிய நிலையம் அவர் பெயரையே தாங்கிக் குழந்தைகளுக்குத் தொண்டாற்றி வருகின்றது.

அன்னா பிராய்டு அம்மையார் மணம் புரிந்துகொள்ளவில்லை. தமக்கெனப் பிள்ளை பெறவும் இல்லை. எனினும், போரிலும் பிரிவிலும் வாடிய எண்ணற்ற பிள்ளைகளுக்கு அவர் தாயாய் விளங்கினார். அழும் குழந்தையை அதட்டி அடக்குவது எளிது. மேசைக்கடியில் ஒளிந்த குழந்தைக்காக விரிப்பைத் தூக்கிக் குனிந்து பேசுவது அரிது. அரியதையே வாழ்நாள் முழுதும் செய்த அப்பெருமாட்டியின் வழி, வீட்டிலும் பள்ளியிலும் இளையோரோடு பழகும் அனைவரும் பின்பற்றத்தக்க நல்வழியாகும்.